தோட்டக்காரன் மகன்

என் செல்வத்துக்கு நிகரான செல்வத்தைச் சம்பாதித்துக்கொண்டு வா, அதன் பிறகு என் மகளைப் பெண் கேள் என்று உஜ்ஜயினி அரசன் அந்தத் தோட்டக்கார வாலிபனிடம் சொல்லி அனுப்பியபோது, ஒருநாளும் நிறைவேறாத நிபந்தனை ஒன்றை விதித்துவிட்டோம் என்ற நிம்மதியோடுதான் அவன் சிங்காசனத்தில் சாய்ந்திருப்பான். ஆனால் டூரிங் கொட்டகையின் தரைப் பகுதியில் மணலைக் குவித்து, அதன்மேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சிறுவர்களாகிய எங்களுக்கோ, அந்த நிபந்தனை நிறைவேறியே தீரும் என்பதில் அணுவளவும் சந்தேகம் இருக்கவில்லை. 1951-ஆம் வருஷம் விஜயா நிறுவனத்தார் தமிழிலும் தெலுங்கிலும் தயாரித்து வெளியிட்ட ‘பாதாள பைரவி’, படச்சுருளெல்லாம் கீறல் விழுந்து பழசாகி எங்கள் ஊருக்கு வந்து சேருவதற்குப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஆயினும் அந்தக் கீறல்களின் ஊடே தெரிந்த உலகம் எங்களுக்குப் புதிதாகவும் இருந்தது. நெடுநாள் பழகியதாகவும் இருந்தது.

எதிர்பார்த்தவை எல்லாம் முறைப்படி வந்தன. நேபாளத்திலிருந்து ஒரு மந்திரவாதி வந்தான். பாதாள பைரவிக்குப் பலியிட, அறிவும் வீரமும் ஒருங்கே வாய்ந்த இளைஞன் ஒருவன் அவனுக்குத் தேவைப்பட்டான். செல்வத்தைத் தேடிப் புறப்பட்ட தோட்டக்கார வாலிபன் அந்த மந்திரவாதியின் கையிலேயே அகப்பட்டான். பலிக்கு முன் நீராடப் போன இடத்தில் முதலை தாக்கியது. அதனை அவன் கொன்றதும் அது சாபவிமோசனம் பெற்ற தேவமங்கையாகி, மந்திரவாதியின் வஞ்சனையை அவனுக்கு உணர்த்திவிட்டு மறைந்தது. அவன் மந்திரவாதியையே பலியிட்டு, வேண்டியதையெல்லாம் தரும் பைரவியின் பிரதிமையைப் பெற்றான். இவ்வளவும் நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் நடந்தபோது, நடக்க வேண்டியதே நடந்தது என்ற திருப்தி எங்கள் எல்லோர் முகத்திலும் இருந்தது.

சாகசப் பயணக் கதைகளைத் திரையில் காணும்போதெல்லாம், ‘எல்லாம் பார்த்துப் பழகியதுதானே’ என்று அலுத்துக்கொள்ளும் விமர்சகர்கள் இன்று அதிகம். எளிய குடியில் வளரும் வீரன், அவனை வழிக்கு அனுப்பும் முதியவர், கூடவே போகும் நகைச்சுவைத் தோழன், இருண்ட காடு, எச்சரிக்கை செய்யும் பிராணி, மந்திர வாள், கடைசியில் கோட்டை வாயிலில் பெரும் போர் என்று இவற்றை வரிசையாக எண்ணிக் காட்டிவிட்டால் ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது என்பது அவர்கள் அபிப்பிராயம். நான் இதை ஒப்புக்கொள்ளவில்லை. பாதாள பைரவியைத் தயாரித்த நாகி ரெட்டியும் சக்கரபாணியும்தான் அதற்கு நான்கு வருஷம் முன்னதாக, 1947-இல், தமிழ்நாட்டு வீடுகளில் ‘அம்புலிமாமா’ என்று அறியப்பட்ட மாதப் பத்திரிகையைத் தொடங்கியவர்கள். அந்தப் பத்திரிகையில் தன் முயற்சியில் சற்றும் தளராத விக்கிரமாதித்தன் மாதந்தோறும் அதே முருங்கை மரத்தில் ஏறி, அதே பிரேதத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு, அதே சுடுகாட்டு வழியே நடந்தான். வேதாளமும் மாதந்தோறும் ஒரு கதையைச் சொல்லிக் கேள்வி கேட்டுவிட்டு, அவன் மௌனம் கலைந்ததும் மரத்துக்கே திரும்பியது. போன மாதமும் இதேதானே நடந்தது என்று எந்தக் குழந்தையும் பத்திரிகையை மூடி வைத்ததில்லை. மரமும் பிரேதமும் மாறாதிருந்ததனால்தான், நடுவில் வரும் கதையின் நியாயத்தையும் அரசன் சொல்லும் விடையின் நுட்பத்தையும் கவனிக்க அக்குழந்தைக்கு மனம் ஓய்வாக இருந்தது.

பண்டிதர்களும் இதை வேறு வழியில் கண்டிருக்கிறார்கள். ருஷிய அறிஞர் விளாதிமிர் பிராப், நூறு மாயக் கதைகளை எடுத்து ஆராய்ந்து, அவற்றின் நிகழ்ச்சிகளையெல்லாம் 31 செயல்களுக்குள் அடக்கிவிடலாம் என்று 1928-இலேயே எழுதினார். அமெரிக்கரான ஜோசப் கேம்பல் 1949-இல் வெளியிட்ட நூலில், உலகத்து வீரர்களின் பயணங்கள் யாவும் வீட்டை விட்டுப் புறப்படுதல், பரீட்சைக்கு உட்படுதல், பேறு பெற்றுத் திரும்புதல் என்ற ஒரே தடத்தில் செல்வதாகக் கூறினார். இவர்கள் முடிவுகளில் ஆட்சேபிக்க இடமுண்டு. ஆனால் பாட்டிமார்கள் ஒருவரையொருவர் அறியாமலே இந்தச் சம்பிரதாயங்களைத் தேசந்தோறும் காத்து வந்திருக்கிறார்கள் என்ற உண்மையை யாரும் மறுக்க முடியாது. பல நூற்றாண்டுகள் கேட்டவர்களின் சம்மதத்தோடு நிலைபெற்ற ஒன்றை, பழையது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடுவது விவேகமாகாது.

ஒவ்வொரு சம்பிரதாயமும் ரசிகனுக்குக் கதாசிரியன் எழுதித் தரும் வாக்குறுதி. பாதாள பைரவியையே பாருங்கள். கேட்டதைக் கொடுக்கும் பிரதிமை கதையின் பாதியிலேயே வீரன் கைக்கு வந்துவிடுகிறது. ஒரே கணத்தில் மாளிகை எழும்புகிறது. அரசனும் பெண்ணைத் தரச் சம்மதிக்கிறான். இங்கே கதை முடிந்திருந்தால், அது ஒரு தோட்டக்காரனின் அதிர்ஷ்டத்தைப் பற்றிய கதையாக மட்டும் இருந்திருக்கும். ஆனால் எளிதில் வந்த பொருள் கதையில் நிலைப்பதில்லை என்ற பழைய நியதியைக் கதாசிரியர் பிங்களி நாகேந்திர ராவ் அறிந்திருந்தார். சீடன் கொண்டுவந்த மூலிகையால் மந்திரவாதி உயிர்பெற்று எழுகிறான். ராணியின் சகோதரனுடைய துணையால் பிரதிமை அவன் வசமாகிறது. மாளிகையும் இளவரசியும் மறைந்துபோகின்றன. தெய்வமும் கையில் இல்லாமல், தோழன் அஞ்சி ஒருவனை மட்டும் அழைத்துக்கொண்டு அந்த இளைஞன் இரண்டாவது முறை புறப்படுகிறானே, அந்தப் புறப்பாட்டில்தான் அவன் வீரனாகிறான். முதல் பயணத்தில் அவனுக்கு வேண்டியிருந்தது செல்வம். இரண்டாவது பயணத்தில் அவனிடம் இருந்தது சொந்தப் புத்தியும் தோழனின் சாதுரியமும் மட்டுமே. மந்திரவாதியின் சக்தி முழுவதும் அவன் தாடியில் அடங்கியிருக்கிறது என்பதை அறிந்து, சீடன் வேஷத்தில் வந்த அஞ்சி, இளவரசியின் மனத்தைக் கவர வேண்டுமானால் அதை மழித்துவிடுங்கள் என்று இதமாகச் சொல்லி மழிக்கச் செய்யும் இடத்தில் கொட்டகை அதிர்ந்ததை நான் மறக்கவில்லை. ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் இருக்கும் அரக்கன் உயிரை எங்களுக்குப் பாட்டி காட்டியிருந்தாள். அந்த உயிர் இங்கே தாடிக்குள் இருந்தது.

ஆகவே மந்திரவாதியைப் பற்றியோ, பேசும் பிராணியைப் பற்றியோ எனக்கு ஒரு குறையும் இல்லை. இந்தக் கதைக் குடும்பத்தில் நான் நெஞ்சாரக் கண்டிக்கும் சம்பிரதாயம் ஒன்றே ஒன்றுதான். குடிசையில் வளர்ந்தவன், ஆடு மேய்த்தவன், வலை வீசியவன், எத்தனையோ இடர்களைத் தாண்டித் தன் தோள்வலியாலும் நெஞ்சுறுதியாலும் வெற்றியின் வாயிலை நெருங்கும் சமயத்தில், அவன் மார்பிலிருக்கும் மச்சமோ, இடுப்பிலிருக்கும் தாயத்தோ, தாயார் ஒளித்து வைத்திருந்த மோதிரமோ வெளிப்பட்டு, ‘இவன் உண்மையில் அரசகுமாரன்’ என்று யாராவது ஒரு முதியவர் அறிவிக்கிறாரே, அந்தச் சம்பிரதாயத்தைத்தான் சொல்கிறேன். அந்த ஒரு வாக்கியத்தால், அதுவரை அவன் பட்ட பாடெல்லாம் பாட்டன் சொத்தைத் தேடி வந்த வழக்காகச் சுருங்கிவிடுகிறது. மணல்மேட்டில் உட்கார்ந்திருக்கும் பையன் அதுவரை அவனைத் தன் கூட்டத்தில் ஒருவனாக எண்ணியிருந்தான். அந்தக் கணம் முதல் அவன் வேறு ஜாதி.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறை என்று நினைக்க வேண்டாம். கேம்பலின் நூலுக்குத் தாம் கடன்பட்டிருப்பதை வெளிப்படையாகச் சொன்ன ஜார்ஜ் லூகாஸ், 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தை எடுத்தபோது, பாலைவனக் கிரகம் ஒன்றில் மாமன் பண்ணையில் வேலை செய்யும் இளைஞனை நாயகனாக்கினார். வாளுக்கு ஒளியும் குதிரைக்கு ஆகாயக் கப்பலும் வந்ததே தவிர, அது நம் பாட்டி கதையேதான். 1980-இல் வந்த அடுத்த படத்தில், அந்தப் பண்ணைப் பையன் சாம்ராஜ்யத்தின் கொடிய தளபதியுடைய மகன் என்று தெரியவந்தது. அந்தக் காட்சியின் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே பிறப்பு ரகசியம் பரிசாக வராமல் பேரிடியாக வந்தது. ஆனால் அதன்பின் பரந்த பிரபஞ்சத்தின் விதி முழுவதும் ஒரு குடும்பத்து விவகாரமாகிவிட்டது. அதே வரிசையில் 2017-இல் ரியான் ஜான்சன் இயக்கிய படம் ஒன்று இந்த முடிச்சை அவிழ்க்கத் துணிந்தது: ரே என்ற நாயகி தன் பெற்றோர் யாரோ பெரியவர்கள் என்று ஏங்கிக் காத்திருக்க, அவர்கள் பெயரில்லாத சாமானியர்கள் என்று அவளுக்குச் சொல்லப்பட்டது; கடைசிக் காட்சியில் லாயம் பெருக்கும் அடிமைச் சிறுவன் ஒருவன் கையை நீட்ட, துடைப்பம் தானாக நகர்ந்து அவன் கைக்கு வந்தது. அந்தத் துடைப்பத்தைக் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை எழுத்தில் வைக்க இயலாது. இரண்டே வருஷம். 2019-இல் வந்த அடுத்த படத்தில் அதே ரே, பேரரசனின் பேத்தியாகிவிட்டாள். துடைப்பச் சிறுவனை அந்தப் படத்தில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

நம் பக்கத்தில், 2015-இலும் 2017-இலும் ராஜமௌலி இரண்டு பாகங்களாக அளித்த ‘பாகுபலி’யின் கற்பனை வளத்தைப் போற்றாமல் இருக்க முடியாது, அருவியைப் பற்றி ஏறும் அந்த இளைஞனின் பிடிவாதம் ஒரு காவியத்துக்குரிய பிடிவாதம்தான். இருந்தும், மலைக்குடித் தாய் வளர்த்த அந்த இளைஞன் மகிழ்மதிக்குள் நுழைந்ததும், அவன் என்ன செய்தான், என்ன நினைக்கிறான் என்று எதுவும் அறியாத ஜனங்கள், அவன் முகத்தைக் கண்ட மாத்திரத்தில் அவன் தகப்பனின் பெயரைச் சொல்லி விழுந்து வணங்குகிறார்கள். முதிய கட்டப்பா அவன் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். இதே படத்தில் தகப்பன் கதை இதனினும் நேர்மையாக இருப்பதையும் சொல்லியாக வேண்டும்: அங்கே சிவகாமி தேவி தான் பெற்ற மகனை விலக்கி, போர்க்களத்தில் ஜனங்களின் உயிரைப் பெரிதாக எண்ணியவனுக்கு அரசைத் தருகிறாள். தகப்பன் செயலால் தேர்ந்தெடுக்கப்பட்டான். மகன் முகஜாடையால் தேர்ந்தெடுக்கப்பட்டான். ஒரே ஆசிரியர் கையிலிருந்து இரண்டு நியாயங்கள் பிறந்திருப்பது ஆச்சரியந்தான்.

பிறப்பின் ரகசியம் வெளிப்படுவதை ஒரு பேறாகக் கருதும் வழக்கத்துக்கு மிகக் கடுமையான மறுப்பு, வேறு எங்கும் இல்லை, நம் மகாபாரதத்திலேயே இருக்கிறது. ஆயுதப் பரீட்சை அரங்கில், உன் குலம் யாது என்று கிருபர் கேட்டபோது கர்ணன் தலை கவிழ்ந்தான். அந்தக் கேள்விதான் அவன் வாழ்நாள் முழுவதும் அவனைப் பின்தொடர்ந்தது. யுத்தம் நெருங்கிய பிறகு, நீ குந்தியின் தலைமகன், பாண்டவரில் மூத்தவன், அரசு உனக்கே உரியது என்று கண்ணன் சொன்னான். சாதாரணச் சாகசக் கதையாயிருந்தால் அங்கே பேரிகை முழங்கி, கிரீடம் வந்து, கதை மங்களமாக முடிந்திருக்கும். கர்ணனோ தன்னை வளர்த்த தேரோட்டியையும் ராதையையும் விட்டுக்கொடுக்க மறுத்தான். தன்னை மனிதனாக மதித்த துரியோதனனை விட்டு விலக மறுத்தான். பிறப்பு கொண்டுவந்த ராஜ்யத்தை வேண்டாமென்று சொல்லிச் சாவை நோக்கி நடந்தான். 1964-இல் பந்துலு எடுத்த ‘கர்ணன்’ படத்தைப் பார்த்துவிட்டு நம் ஜனங்கள் அழுதது அவன் சூரிய புத்திரன் என்பதற்காகவா? தேரோட்டி மகனாகவே இருந்து செத்தான் என்பதற்காக அழுதார்கள் என்றே நான் நம்புகிறேன்.

நாட்டுக் கதைகளிலும் இரண்டு போக்கும் உண்டு. அரசனின் கண்பார்வையை மீட்க அபூர்வ மலரைத் தேடிப் போகும் குலேபகாவலிக் கதை, 1955-இல் ராமண்ணாவின் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்துப் பெரும் புகழ் பெற்றது. மூலக் கதையில் அந்த மலரைக் கொண்டுவருபவன் ஒதுக்கி வைக்கப்பட்ட அரசகுமாரனே. ஆனால் வாரிசின்றி மன்னன் இறந்தால் பட்டத்து யானையின் துதிக்கையில் மாலையைக் கொடுத்துத் தெருவில் விடுவார்கள் என்று ஒரு கதை வழக்கும் நம்மிடம் இருக்கிறது. கழுமலத்து யானை கருவூரில் இருந்த கரிகாலனைச் சேர்ந்ததுபோல அது சில சமயம் அரச வாரிசையே தேடிப் போகும். மற்றச் சமயங்களில், சத்திரத்துத் திண்ணையில் தூங்கும் வழிப்போக்கன் கழுத்தில் மாலையைப் போட்டுவிடும். அந்த யானை யாருடைய ஜாதகத்தையும் கேட்பதில்லை.

தோட்டக்காரனைப் பற்றித் தொடங்கிய நான் இன்னொரு தோட்டக்காரனைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஆங்கில ஆசிரியர் டோல்கீன் 1954, 1955 வருஷங்களில் வெளியிட்ட ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நெடுங்கதையை, பீட்டர் ஜாக்சன் நியூசிலாந்தின் மலைகளிலும் புல்வெளிகளிலும் படமாக்கி, 2001 முதல் 2003 வரை மூன்று பாகங்களாக வெளியிட்டார். மூன்றாம் பாகத்துக்கு 11 ஆஸ்கார் விருதுகள் கிடைத்தன. சம்பிரதாயங்களில் ஒன்றையும் அது விட்டுவைக்கவில்லை. வெண்தாடி முனிவர் உண்டு. ஒடிந்து மீண்டும் உருக்கிச் சேர்க்கப்படும் வாள் உண்டு. நாடோடியாகத் திரிந்து கடைசியில் முடிசூடும் அரச வாரிசும் உண்டு. ஆனால் அந்த வாரிசின் கதையைப் பக்கத்தில் ஓட விட்டுவிட்டு, உலகத்தைக் காக்கும் பாரத்தை ஆசிரியர் மனிதரில் பாதி உயரமே உள்ள குடியானவ இனத்தார் இருவரின் தோளில் ஏற்றினார். பொருளைத் தேடிப் பெறுவதற்காக அல்லாமல், கையிலிருக்கும் பொருளை அழிப்பதற்காகச் செய்யும் பயணம் அது. அந்தப் பொருளாகிய மோதிரத்தைச் சுமக்கும் ஃபிரோடோ எரிமலையின் விளிம்பு வரை சென்று, அங்கே மனம் தளர்ந்து, இது என்னுடையது என்று அதை அணிந்துகொள்கிறான். அத்தனை தூரம் நடந்தவன் கடைசி அடியில் தோற்றுப்போகிறான். விரலோடு மோதிரத்தைக் கடித்துப் பறித்த கோலம் என்பவன் அதனோடு நெருப்பில் விழுந்ததனால்தான் காரியம் நிறைவேறியது.

அந்த மலையின்மேல் நடக்க முடியாமல் கிடந்த ஃபிரோடோவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறியவன் சாம் என்ற அவனுடைய தோட்டக்காரன். சன்னலுக்கு வெளியே புல் வெட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே நடந்த பேச்சு காதில் விழுந்தது என்ற ஒரே காரணத்தால் இந்தப் பயணத்தில் சேர்க்கப்பட்டவன் அவன். அவனுக்கு முன்னோர் புகழ் இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை, மந்திர வாள் உரிமை இல்லை; சமையல் பாத்திரங்களையும் கயிற்றையும் சுமந்துகொண்டு, திரும்பி வருவதற்கு வேண்டிய ரொட்டி மிஞ்சுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நடந்தான். 1916-இல் சோம் நதிக்கரைப் போரில் இளம் அதிகாரியாக இருந்த டோல்கீன், அங்கே தாம் கண்ட சாதாரணச் சிப்பாய்களையும் ஏவலர்களையும் மனத்தில் வைத்தே சாமைப் படைத்ததாகவும், அவர்கள் தம்மைவிட எவ்வளவோ உயர்ந்தவர்கள் என்பதைத் தாம் உணர்ந்ததாகவும் சொல்லியிருக்கிறார். படத்தில் முடிசூடிய அரசன் அந்தச் சிறிய மனிதர்களின் முன் தலை வணங்குகிறான். அவனோடு அரச சபை முழுவதும் மண்டியிடுகிறது. ஒன்பது மணி நேரத்துக்கும் குறையாமல் ஓடக்கூடிய மூன்று படங்களின் கடைசிக் காட்சி எது தெரியுமா? மஞ்சள் நிற வட்டக் கதவு ஒன்றை நோக்கிச் சாம் வருகிறான். மனைவியும் குழந்தைகளும் வாசலில் நிற்கிறார்கள். அவன் உள்ளே போனதும் கதவு மூடுகிறது. எந்த மச்சமும் எந்த மோதிரமும் அவனை அரசகுமாரனாக்கவில்லை.

உஜ்ஜயினிக்கே திரும்புகிறேன். இயக்குநர் கே.வி. ரெட்டிக்கு, விரும்பியிருந்தால், கடைசிச் சுருளில் ஒரு பழைய தாதியை வரவழைத்து, இந்தப் பையன் உங்கள் சத்துரு ராஜாவின் தொலைந்துபோன பிள்ளை என்று சொல்ல வைத்து, அரசனின் குல கௌரவத்தைக் காப்பாற்றிக் கொடுத்திருக்க முடியும்; அக்காலத்து ராஜா ராணிப் படங்களில் அப்படிச் செய்வது வழக்கமாகவே இருந்தது. அவர் செய்யவில்லை. என்.டி. ராமராவ் நடித்த அந்த இளைஞன் படம் தொடங்கியபோது யார் மகனோ, படம் முடிந்தபோதும் அவர் மகனே. இளவரசியும் அரசனும்தான் அவனிருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். எஸ்.வி. ரங்காராவின் மந்திரவாதியைக் கண்டு பயந்த குழந்தைகளும், மார்க்கஸ் பார்ட்லியின் ஒளிப்பதிவில் ஆகாயத்தில் மிதந்த மாளிகையைக் கண்டு வாய்பிளந்த பெரியவர்களும் இதை ஒரு குறையாக உணரவில்லை. 1952-இல் பம்பாயில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவிலும் அந்தப் படம் இடம்பெற்றது. எழுபது வருஷங்களுக்கு முன்னரே நம் ஜனங்கள் மனமுவந்து ஏற்றுக்கொண்ட ஒரு நியாயத்தை, இன்றைய படங்கள் ஏற்கத் தயங்குவதற்கு ஒரு காரணமும் எனக்குப் புலப்படவில்லை.

புதிய சாகசக் கதைகளை எழுதிக்கொண்டிருக்கும் இளம் கதாசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இதுதான். மந்திரவாதி வரட்டும், முதலை பேசட்டும், ஏழு கடலையும் ஏழு மலையையும் உங்கள் வீரன் தாண்டட்டும். கணினி வித்தைகளால் எத்தனை மாளிகைகளை வேண்டுமானாலும் ஆகாயத்தில் பறக்க விடுங்கள். கடைசிச் சுருளில் மட்டும் அந்தத் தாதியை வரவழைக்காதீர்கள். தோட்டக்காரன் மகனைத் தோட்டக்காரன் மகனாகவே எங்கள் முன் நிறுத்துங்கள்.